படமே இல்லாத பாட்டு

மெல்லிசைக் கச்சேரி செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பாராட்டுதான் உண்டு. பாடி முடித்து மேடையை விட்டு இறங்கும்போது, வெற்றிலை போட்ட வாயோடு யாராவது ஒருவர் கிட்டே வந்து, “அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சுப்பா” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக டீக்கடை வாசலில் வாரக்கணக்கில் நின்று, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எந்த எழுத்தை இழுக்கிறார்கள் என்று மனப்பாடம் பண்ணினவர்கள் எங்கள் ஆட்கள்.

நான் பாடினவன் இல்லை. வாசித்தவனும் இல்லை. மைக்கைப் பிடித்து, படத்தின் பேரைச் சொல்லி, பாட்டை அறிவிக்கிறவன். பகலெல்லாம் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிற வேலை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவனுக்கு அந்தக் கடைதான் காலேஜ். சேலை வாங்க வருகிறவர்கள் சேலையைப் பற்றி மட்டுமா பேசுவார்கள்? ஊரில் உள்ள பழமொழி, சொலவடை, மாமியார் வசவு எல்லாம் கல்லாவுக்கு முன்னால் வந்து விழும். நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே அதைத்தான் எடுத்து விடுவேன்.

எங்கள் குழுவில் பாடிய பெண்ணை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தார். வீடு திருநகர். கச்சேரிக்கு அவருடைய அம்மாவும் கூடவே வந்து, மேடைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீச்சருக்கு இரண்டு குரல். மேடைக் குரல் மெல்லிசு. சர்க்கரைப் பாகு கம்பி இழுக்கிற மாதிரி மேலே மேலே போகும். பேச்சுக் குரல் வேறு. அடி ஆழத்திலிருந்து வரும், காய்ந்த சோளத்தட்டை காற்றில் உரசுகிற மாதிரி லேசான சொரசொரப்பு அதில் இருக்கும். அந்தக் குரலை அவர் மேடை ஏறும்போது செருப்போடு சேர்த்துக் கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கச்சேரி முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். செக்கானூரணி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. இறங்கி ஒரு புளிய மரத்தடியில் நின்றோம். பொழுது அப்போதுதான் புலர்ந்துகொண்டிருந்தது. தூரத்து மலைகள் மண்ணில் ஊன்றாமல், யாரோ துவைத்துக் காயப்போட்ட நீலத் துணி மாதிரி ஆகாயத்தில் தொங்கின. நிலக்கடலைக் காட்டின் மேல் பனி. டிரம்ஸ் பெட்டியின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனது.

டீச்சர் என் பக்கத்தில் நின்றிருந்தார். தூக்கக் கலக்கத்தில் ஆட்கள் உண்மை பேசுவார்கள் என்று எங்கள் கடை முதலாளி சொல்வார்.

“அண்ணே, இம்புட்டு வருசமாப் பாடுறேன். என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுண்ணே” என்றார்.

“என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? அப்படியே ரெக்கார்டு மாதிரியில்ல இருக்கும்!”

“அதத்தான் சொல்றேன்.”

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“ஒரே ஒரு பாட்டுண்ணே. எனக்கு முன்னாடி யாரும் பாடாத பாட்டு. அதை என் குரல்ல பாடி, இது இவ குரலுன்னு ஒரு ஆளு சொல்லக் கேட்டுட்டாப் போதும். அப்புறம் ஆயுசுக்கும் அவுங்க மாதிரி, இவுங்க மாதிரின்னு பாடிட்டுப் போறேன்.”

அந்த நேரத்தில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கலவரம். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருந்த ஒருவர் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, இது போகுமா போகாதா?”

“போயிரலாம்ணே.”

“எப்பப்பா?”

“போயிரலாம்.”

“வண்டி செத்துக் கெடக்கு, போயிரலாம் போயிரலாம்ங்கிற! நின்னு போச்சேய்யா!”

“வண்டிதானண்ணே நின்னுச்சு? ரோடு நிக்கலையே! அது பாட்டுக்கு மதுரைக்குப் போயிக்கிட்டுத்தான இருக்கு?”

புளிய மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆட்டுக்காரரே சிரித்துவிட்டார். எங்கள் கிட்டார்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸின் தகரத்தில் விரலால் தட்டிக்கொண்டே, “போயிரலாம்... போயிரலாம்...” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்னிடம் பேசியதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் சௌராஷ்டிரக் குடும்பம். மதுரை மகாலுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் வீடு. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள். அவர் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும், பார்த்தால் அந்த வாரம் என்ன நிறச் சேலைக்குக் கிராக்கி என்று சொல்லிவிடலாம். பசுமலை ஹாஸ்டல் பையன்களோடு பழகி, அவர்கள் வைத்திருந்த இங்கிலீஷ் பாட்டு நாடாக்களைக் கேட்டுக் கேட்டுக் கிட்டார் பழகினவர். சொல் ஒன்றும் விளங்காது, ஆனால் சத்தம் விளங்கும் என்பார். அவர் வீட்டுப் பின்கட்டில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கொடிகளில் ஈரச் சேலைகளும் நூலும் வரிசை வரிசையாகத் தொங்கும். அதற்குள் வாசித்தால் எதிரொலியே வராது. சத்தம் போய்ச் சேலையில் புகுந்து அங்கேயே ஊறிவிடும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெயில் வடிகட்டி இறங்கி, வாசிக்கிறவர்கள் முகமெல்லாம் நிறம் மாறி மாறித் தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மத்தியானங்கள் எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டு கண்ட கனவு மாதிரிதான் இருக்கின்றன.

அடுத்த ஞாயிறு அவர் கிட்டாரை எடுத்து, “ஒரு பாட்டு கட்டியிருக்கேன். ராக்கு” என்றார்.

டிரம்ஸ் வாசிப்பவன் எழுமலைப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன். “ராக்குன்னா என்ன மாப்ள?” என்றான்.

“பெருசா ஒண்ணுமில்ல. துக்கத்தையும் சத்தமாச் சொல்றது. சந்தோசத்தை அதைவிடச் சத்தமாச் சொல்றது.”

“அப்ப எங்க அய்யா வாயத் தொறந்தாலே ராக்குதான்.”

வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதன் ஸ்பீக்கர் அட்டையை எலி கடித்திருந்தது. கிட்டார் வயரை அதில் செருகி ஒரு தட்டு தட்டினார். கரகரவென்று ஒரு சத்தம் எழும்பி, கொடியில் கிடந்த சேலையெல்லாம் நடுங்கியது. உள்ளே இருந்து அவர் அம்மா ஓடிவந்து அவர்கள் பாஷையில் பதறிப்போய் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்றாங்க?” என்றேன்.

“யாருக்கு வயித்துவலின்னு கேக்குறாங்க.”

அந்தக் கரகரப்பைக் குழுவில் யாருக்கும் பிடிக்கவில்லை, அவரைத் தவிர. “எலி பாதி வாசிக்குது, நான் பாதி வாசிக்கிறேன்” என்றார். டிரம்ஸ்காரன் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு அடியைப் பிடித்தான். பிடித்ததும் அவன் முகம் மலர்ந்தது. “இதுக்கா இம்புட்டு இங்கிலீசு? எங்க ஊரு சாமியாட்ட அடியில பாதியைக் கழிச்சா இதுதான மாப்ள!” என்றான்.

பாட்டு இதுதான். எழுதினதும் கிட்டார்காரர்தான், எழுதிக்கொடுத்தது கண்டக்டர் என்றும் சொல்லலாம்.

வண்டி நின்னா என்ன, ரோடு நிக்கலையே,
போயிரலாம், போயிரலாம்!
மேகம் போனா என்ன, வானம் போகலையே,
போயிரலாம், போயிரலாம்!

இதற்கு நடுவில் வரும் சரணத்தில் நானும் ஒரு வரி சொன்னேன். கடைக்கு வந்த ஒரு அம்மா, மகள் கல்யாணம் தட்டிப்போய், எடுத்த பட்டுச்சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கடைசி நிமிஷத்தில் மடியில் வைத்துத் தடவிவிட்டு, “இருக்கட்டும்யா, சேலை மடிப்புக் கலையாம இருந்தா நல்ல நாளு தானாத் தேடி வரும்” என்று எடுத்துக்கொண்டு போனார். அதையும் பாட்டில் கோர்த்துக்கொண்டோம்.

டீச்சர் தாளை வாங்கி ஒரு முறை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு நிமிர்ந்து, குழந்தை மாதிரிக் கேட்டார்.

“இதை யாரு மாதிரிப் பாடணும்?”

கிட்டார்காரர் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“யாரு மாதிரியும் வேணாம் டீச்சர்” என்றார்.

அவ்வளவு ஆசைப்பட்ட மனுஷிக்கு, கேட்டது கையில் வந்ததும் அதை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் பாடியதெல்லாம் யாரோ ஒருவர் மாதிரியே இருந்தது. முதல் வரி ஒருவர், இரண்டாம் வரி இன்னொருவர். அவருக்கே அது தெரிந்து, பாதியில் நிறுத்தி நிறுத்தி உதட்டைக் கடித்தார். இரண்டு ஞாயிறு இப்படியே போனது. மூன்றாவது வாரம் கிட்டார்காரர் சொன்னார்: “பாட வேணாம் டீச்சர். உங்க கிளாசுல கடைசி பெஞ்சுல தூங்குற புள்ளையைக் கூப்புடுவீங்கள்ல? அப்படிக் கூப்புடுங்க போதும்.”

டீச்சர் கண்ணை மூடினார். “போயிரலாம்” என்று கூப்பிட்டார்.

அந்தக் குரல் சேலைகளுக்குள் ஊறவில்லை. அவற்றை விலக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. சொரசொரப்பும் கனமும் அப்படியே இருக்க, ‘லாம்’ என்ற இடத்தில் அது லேசாக உடைந்து, உடைந்த இடத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. டிரம்ஸ்காரன் அடிக்க மறந்துவிட்டான். துணைக்கு வந்து நாற்காலியில் இருந்த டீச்சரின் அம்மா மட்டும், “இப்பத்தான்யா எம் மக பாடுறா” என்றார்.

முதல் மேடை எழுமலையில். டிரம்ஸ்காரன்தான் பிடிவாதம் பிடித்தான். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தது. “எங்க ஊர்ல எல்லாரும் வானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்துச் சுளுக்கிக் கெடக்காக மாப்ள. கொஞ்ச நேரம் மேடையைப் பாக்கட்டும்” என்றான். அம்மன் கோயில் திருவிழா. பொழுது சாயும்போதே பெண்கள் பாய் விரித்து முன்னால் இடம் பிடித்துவிட்டார்கள். மேற்கே மலைமேல் கடைசி வெளிச்சம் அணையாமல் ரொம்ப நேரம் நின்றது.

முறைப்படி பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டுகள். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் படத்தின் பேரும் பாட்டும் எழுதி அனுப்புவார்கள், நான் வாசிப்பேன். அதெல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: “அடுத்து வருவது எந்தப் படத்திலும் வராத பாட்டு. எங்கள் சொந்தப் பாட்டு!”

கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். கூட்டம் என்னைப் பாவமாகப் பார்த்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சொந்தப் பாட்டை வீட்டுல போயிப் பாடு மாப்ள!”

இன்னொன்று: “சினிமாப் பாட்டுக்குத்தான்யா திருவிழா வரி குடுத்தோம்!”

டீச்சர் மைக் முன்னால் நின்றிருந்தார். கழுத்து வியர்த்திருந்தது. நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் விழாக் கமிட்டித் தலைவர் மேடையில் ஏறிவிட்டார். ஊர்க் கௌரவம் போய்விடும் என்று அவருக்குப் பயம். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“யாரும் சத்தம் போட வேணாம்! இது புதுப் படத்துப் பாட்டு. படம் இன்னும் வரல, அதுக்குப் பேரே வைக்கல. பாட்டு முந்திக்கிருச்சு! தமிழ்நாட்டுலயே மொதல்ல கேக்குறது நம்ம எழுமலைதான்!”

அடேயப்பா, அந்தக் கைதட்டல். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குள் டிரம்ஸ்காரன் அடியைத் தொடங்கிவிட்டான்.

மேடைக்குத் தூக்கி வந்திருந்த ரேடியோவின் கரகரப்பு குழாய் ஒலிபெருக்கிகளில் வந்ததும் மைக் செட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். “அண்ணே, ஆம்ப்ளிபயர் போச்சுண்ணே!” என்று கத்தினார். அது அப்படித்தான் என்று நான் ஜாடை காட்டினேன். அவர் நம்பவில்லை. பெட்டியைத் தொட்டுத் தொட்டு, சூடாக இருக்கிறதா என்று பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் கூப்பிட்டார். ஆமாம், பாடினார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காய்ந்த சமவெளி முழுவதையும் கடைசி பெஞ்சுப் பிள்ளையை எழுப்புகிற மாதிரிக் கூப்பிட்டார். முதல் சரணம் முடிகிறவரை கூட்டம் வாயைப் பிளந்து இருந்தது. இரண்டாவது முறை அவர் “வண்டி நின்னா என்ன” என்று கேட்டதும், முன்வரிசைப் பாயில் இருந்த ஒரு கிழவி, பாட்டுக்கு இல்லை, கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, “போயிரலாம்” என்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பாய். பிறகு பாய் பாயாக. கடைசியில் மேடை கேட்க, ஊர் பதில் சொன்னது. பாட்டு முடிந்தும் அவர்கள் முடிக்கவில்லை. மூன்று தரம் பாடவைத்தார்கள். நான் அறிவிப்பாளன், வர்ணிக்கக் கூலி வாங்குகிறவன். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. புழுதிகூட அடங்காமல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருந்தது.

மேடையை விட்டு இறங்கியபோது டீச்சரின் முகத்தில் தனி ஒளி. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கமிட்டித் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண் கலங்க, கையைக் கூப்பினார்.

“அம்மா, என்னத்தச் சொல்ல! அப்படியே ரெக்கார்டு மாதிரியே பாடுனீகம்மா!”

இல்லாத ரெக்கார்டு மாதிரி! பொய்யைச் சொன்னவரே அந்தப் பொய்யை நம்பிவிட்டார். நான் சிரிக்கப் போய், டீச்சரைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்த ஒளி, விளக்கைச் சுருக்கின மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மைக் செட்காரர் ஒரு காரியம் செய்திருந்தார். கச்சேரிகளை அவர் கேசட்டில் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம். தலைவரின் அறிவிப்போடு சேர்த்து எங்கள் பாட்டு அதில் விழுந்துவிட்டது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எங்கெல்லாம் குழாய் கட்டினாரோ, அங்கெல்லாம் இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் அதைப் போட்டார். அவரிடமிருந்து இன்னொரு மைக் செட்காரர், அவரிடமிருந்து இன்னொருவர். அந்தக் கோடை முழுவதும் மேற்குச் சமவெளியில் எங்கே பஸ்ஸில் போனாலும், ஏதோ ஒரு வேப்ப மரத்து உச்சியிலிருந்து டீச்சரின் குரல் காற்றில் மிதந்து வரும். காற்று திரும்பினால் போய்விடும். அடுத்த ஊர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி மறுபடி வரும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாறியதில் பாட்டு கொஞ்சம் வேகமாகி, குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் அதே உடைசல், அதே சிரிப்பு.

படம் எப்போது வரும் என்று மதுரையில் டிக்கெட் கவுண்டரில் போய்க் கேட்டவர்கள் உண்டு. எங்கள் கடைக்கு வந்த உசிலம்பட்டி அண்ணன் ஒருவர், அந்தப் படத்தில் கதாநாயகி பஸ் கண்டக்டர் என்று எனக்கே கதை சொன்னார். “எடுத்துட்டாகளாம். பணம் இல்லாமப் பெட்டிக்குள்ள கெடக்காம். ஆனா வந்துரும் பாருங்க” என்றார். பாட்டைக் கேட்ட ஆள் வேறு எப்படிப் பேசுவார்?

சீட்டுகள் வந்து குவிந்தன. ‘வரப்போகிற படத்துப் பாட்டு’ என்று எழுதி அனுப்புவார்கள். முதலில் டீச்சரே மைக்கில், “இது எங்க கிட்டார்காரர் கட்டிய பாட்டுங்க, முதல்ல பாடினது நான்தான்” என்று சொல்லிப் பார்த்தார். கூட்டம் சிரிக்கும். “சினிமாக்காரன் காதுல விழுந்தாச் சண்டைக்கு வருவான் தாயி!” என்று ஒரு ஊரில் ஒரு பெரியவர் அக்கறையாக எச்சரித்தார். பாடி முடித்ததும் மறுபடி அதே பாராட்டு. ஒருநாள் ஒத்திகையில் டீச்சர் தாளை மடித்துக் கிட்டார்காரரிடம் கொடுத்துவிட்டார்.

“இதை இனிமே பாடல. மத்த பாட்டையெல்லாம் இன்னொருத்தர் குரல்ல பாடுறேன், அது தெரிஞ்ச கதை. இதுல என் குரலையே இன்னொருத்தர் குரலுன்னு சொல்றாங்க. அது ரொம்ப வலிக்குது.”

கிட்டார்காரர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரேடியோவின் வயரை உருவினார். அதற்குப் பிறகு டீச்சர் ஒத்திகைக்கு வருவதும் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புவார். வேறொரு பெண்ணை வைத்துச் சில கச்சேரிகள் ஓட்டினோம்.

இப்படியே ஒரு மழைக்காலம் வந்து போனது. தை மாதத்தில் திருநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் அம்மா டீச்சரோடு வேலை பார்க்கிறவர். பட்டு எடுத்தது எங்கள் கடையில். அதனால் எனக்கும் பத்திரிகை. டீச்சரும் நானும் விருந்தாளிகளாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டோம். மேடையில் வேறு ஊர்க் குழு. பாடிய பெண்ணுக்குக் காலேஜ் வயசு இருக்கும், ஒல்லியாக, ஜிமிக்கி ஆட ஆடப் பாடினாள். திடீரென்று அவர்களுடைய அறிவிப்பாளர், “அடுத்து, நீங்கள் எல்லாரும் எதிர்பார்க்கும், விரைவில் வரவிருக்கும் படத்திலிருந்து...” என்றார்.

டீச்சரின் கை நாற்காலிக் கையைப் பிடித்தது.

அந்தப் பெண் கண்ணை மூடி, “போயிரலாம்” என்றாள். ‘லாம்’ வரும் இடத்தில் குரலை உடைத்தாள். உடைந்த இடத்தில் சிரித்தாள். எழுமலையில் புழுதி தொண்டையில் அடைத்து டீச்சர் ஒரு வரிக்கு முன்னால் லேசாக மூச்சுத் திணறியிருந்தார். கேசட்டில் அதுவும் விழுந்திருந்தது. அந்தத் திணறலையும் அப்படியே திணறினாள். எத்தனை நாள் எந்த டீக்கடையில் நின்று கேட்டாளோ! டீச்சர் அசையவில்லை. தன் நிழல் எழுந்து நடந்து போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் பாட்டுக்காரர்களுக்குப் பந்தி போட்டார்கள். அந்தப் பெண் கை கழுவும் இடத்துக்கு வந்தபோது டீச்சர் எழுந்து போனார். நானும் சொம்பை எடுக்கிற சாக்கில் பின்னால் போனேன்.

“நல்லாப் பாடுற தாயி. அந்தப் பாட்டை எப்படிப் புடிச்ச?”

“கேசட்டுலதான்க்கா. அது ஒண்ணுக்கு மட்டும் எம்புட்டு நாளு ஆச்சுன்றீங்க! அவுங்க குரல் வேற யாருக்கும் இல்லாத குரல்க்கா. எந்தப் பாட்டுக்காரங்க மாதிரியும் இல்ல. யாருன்னே தெரியல. அவுங்க மாதிரி பாடணும்னுதான் எனக்கு ஆசையே.”

டீச்சர் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினார். அவர் சாப்பிட்டுக் கழுவி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

“அந்தப் பாட்டைப் பாடுனது நான்தான்” என்றார் மெதுவாக.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, மரியாதையான பிள்ளை. “எங்க, ஒரு வரி பாடுங்கக்கா” என்றாள்.

டீச்சர் பாடினார். மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை, எலி கடித்த ரேடியோவும் இல்லை. பாத்திரம் விளக்குகிற சத்தத்துக்கு நடுவே, ஈரத் தரையில் நின்றுகொண்டு, அவருடைய அந்த அடிக்குரலில், அவசரமே இல்லாமல் இரண்டு வரி. எச்சில் இலை அள்ளிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

பாட்டுக்காரப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் கொஞ்சம் தயங்கினாள். மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

“ரொம்ப நல்லாருக்குக்கா. ஆனா கேசட்டுல இருக்குற மாதிரி இல்லக்கா. அவுங்களுது கொஞ்சம் மெலிசு. உங்களுது வெங்கலப் பானையத் தட்டுன மாதிரி... எப்படிச் சொல்ல... இது உங்க குரலுக்கா.”

நான் பதறிப்போனேன். சண்டைக்கே போயிருப்பேன், “ஏம்மா, இவுங்கதாம்மா அவுங்க!” என்று வாய்வரை வந்துவிட்டது. டீச்சர் என் கையைத் தட்டினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். செக்கானூரணிப் புளிய மரத்தடியில் அவர் கேட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரிப்பு ஒட்டுவாரொட்டி அல்லவா, அவளும் சிரித்தாள். டீச்சர் ஈரக் கையாலேயே அவள் கன்னத்தை வழித்து, “போயிச் சாப்புடு, எலை போட்டுட்டாங்க” என்றார்.

வெளியே திருமங்கலம் ரோட்டில் நின்றோம். அவர் வீடு நடக்கிற தூரம்தான், எனக்காக பஸ் வரும்வரை கூட நின்றார். மண்டபத்துக்குள் மறுபடி டிரம்ஸ் தொடங்கியிருந்தது. ரோட்டோர வேப்ப மரங்களுக்கு மேல் நிலா அரையாக ஏறியிருந்தது. லாரி வெளிச்சம் வந்து எங்கள் மேல் பட்டு, எங்களைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போய் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

“அண்ணே, ஞாயித்துக்கெழமை ரிகர்சல் இன்னும் அங்கனதான நடக்குது?”

“அதேதான் டீச்சர். வேற எங்க போகப் போறோம்?”

“வாரேன்னு சொல்லிருங்க.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். “இன்னொரு பாட்டு கட்டச் சொல்லுங்கண்ணே அவரை. இந்தத் தடவை கொஞ்சம் கீழ் சுருதியில கட்டச் சொல்லுங்க. எனக்கு அங்கதான் சௌகரியமா இருக்கு.”